பின்னால் ஆள் ஏறினால் ஷாக்கையும் ஒரு படி ஏத்துங்க

தனியாகப் போகும்போது சமர்த்தாக ஓடுகிற பைக், பின்னால் ஒருத்தர் உட்கார்ந்ததும் வளைவில் அலைபாயும். ஸ்பீடு பிரேக்கரில் ‘டங்’குன்னு அடிக்கும். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு எதிரே வருபவர் கண்ணில் போய் விழும். ‘ஷாக் போயிடுச்சு’ன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. பல நேரம் அது ஒருத்தர் எடைக்கு வைத்தபடியே இருக்கும், அவ்வளவுதான்.

ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குகிறது. எடை கூடினால் ஸ்பிரிங் முதலிலேயே அமுங்கிவிடும். பிறகு பள்ளம் வந்தால் மேற்கொண்டு அமுங்க இடம் இருக்காது. பின்பக்கம் தாழ்வதால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது.

இதைச் சரிசெய்ய ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் உண்டு. ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியில் 5 படிகள். சைலன்சர் ஆறியதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கொக்கி மாதிரி இருக்கும் ஸ்பேனரால் திருப்பலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும், இது ரொம்ப முக்கியம். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் தாழ்ந்த பின்பக்கம் பழைய உயரத்துக்கு வருகிறது.

எத்தனை படி என்பதை ஒரு டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே சீட்டின் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்க. பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாகப் போகிறவர்கள் ஏறி உட்கார, இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கணும். வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. மொத்தம் 90 மி.மீ. என்றால் 30 மி.மீ. அதைவிட அதிகமாகத் தாழ்ந்தால் ஒரு படி ஏத்துங்க. மறுநாள் தனியாகப் போகும்போது இறக்கிடுங்க, இல்லைன்னா இடுப்பு சொல்லும். மூணு பேர் போக எந்தப் படியும் கிடையாது; மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128-ன்படி பின்னால் ஒருத்தர்தான்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் டயரில் காற்று சரிபாருங்க. காற்று குறைந்த டயரும் இதே மாதிரிதான் ஆட்டும்.

முன்பக்க ஃபோர்க்கில் சாதாரண பைக்குகளுக்குத் திருப்ப எதுவும் இருக்காது. ஆனால் வழவழப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரியுதான்னு துணியால் துடைத்துப் பாருங்க. தெரிந்தால் சீல் போயிருக்கு. டிஸ்க் பிரேக் வண்டியில் அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.