காட்டை அளந்தவர்

காடு எவ்வளவு சிறுத்தாலும் காடாகவே இருக்குமா? அன்றி, ஓர் அளவுக்குக் கீழே போனதும் வெறும் மரக்கூட்டமாகிவிடுமா? 1970களில் உயிரியல் அறிஞர்களை இரு அணியாகப் பிரித்த வினா இது. சரணாலயம் அமைப்பதாயின் பெரியதாக ஒன்று வேண்டுமா, சிறியனவாகப் பல போதுமா என்று ஆராய்ச்சி ஏடுகளிற் பெரும் வாதம் நிகழ்ந்தது. வாதம் மிகுந்திருந்தது, சான்று குறைந்திருந்தது. அச்சான்றைத் தேடிக் காட்டுக்குள் இறங்கியவர் தொமஸ் லவ்ஜோய்.

1941இல் நியூயோர்க்கிற் பிறந்த அவர், 1965இல் ஆய்வு மாணவராகப் பிறேசிலின் பெலெம் நகருக்குச் சென்றார். அமேசன் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக யேல் பல்கலைக்கழகம் 1971இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.

அக்காலத்தில் அமேசனில் மேய்ச்சல் நிலம் திருத்துவோர் தம் காணியிற் பாதியைக் காடாகவே விடவேண்டும் என்பது பிறேசிலின் சட்டம். எப்படியும் விடப்படும் காட்டை அளவுப்படி சதுரங்களாக விட்டால் என்ன என்று லவ்ஜோய் எண்ணினார். மனவுஸ் நகருக்கு வடக்கே 1979இல் வேலை தொடங்கிற்று. 1, 10, 100 ஹெக்டயர் அளவுகளில் 11 காட்டுத் துண்டுகள் வாய்த்தன. வெட்டுமுன்னர் உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். வெட்டியபின் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். மேலோட்டமாகப் பார்ப்பின் இது கல்நெஞ்சச் செயலாகத் தோன்றலாம். ஆயினும் தடுக்க இயலாத அழிவிலிருந்து அறிவையாவது மீட்டாரே!

முதலில் துண்டுகளிற் பறவைகள் பெருகின. வீடிழந்தவை அங்கே அடைக்கலம் புகுந்தமையே காரணம். பின்னர் வேகமாகக் குறைந்தன. படையெறும்புகளைத் தொடர்ந்து இரை தேடும் பறவைகள் சிறு துண்டுகளை விட்டு மறைந்தன. காட்டுப்பன்றிகளை ஒத்த பெக்கரிகள் அகன்றன. அவை புரண்ட சேற்றுக் குட்டைகள் இல்லாமற்போகவே, அக்குட்டைகளில் முட்டையிட்ட தவளைகளும் அகன்றன. வெட்டவெளியின் வெப்பமும் காற்றும் ஓரங்களிற் புகுந்து முதுமரங்களை மாய்த்தன. 100 ஹெக்டயர்த் துண்டுகள்கூட, தாழ்தளத்திற் வாழும் பறவையினங்களிற் பாதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இழந்தன.

எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. அரசின் மானியம் நின்றதும் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. புல்வெளியில் இளங்காடு எழுந்தது. போன பறவைகளிற் சில திரும்பின.

மனவுசுக்கு அப்பால், சுவரில்லாக் கூரையின்கீழ்த் தூங்குமஞ்சங்கள் கட்டிய ஆய்வு முகாமொன்றுக்கு அமெரிக்கச் செனற்றர்களையும் திரைநடிகர்களையும் லவ்ஜோய் அழைத்துச் சென்றார். எத்தனை அறிக்கைகள் எழுதினாலும் காட்டில் ஓர் இரவு தங்குவதற்கு ஈடாகுமா?

2018இல், பிறேசில் விஞ்ஞானி கார்லோஸ் நோப்ரேயுடன் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தார்: நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு அழியின், தன் மழையைத் தானே ஆக்கும் அமேசன் அவ்வாற்றலை இழந்து, பெரும்பகுதி புல்வெளியாகும். 2021 டிசெம்பர் 25இல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ 17 பங்கு அழிந்திருந்தது.