மூன்று மூடித் தண்ணீர்

சென்னையில் ஐப்பசி மழை வலுத்தால் ஏரிக்கு முன்னால் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். வியாசர்பாடி கணேசபுரம், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை என்று பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே பாதி வழியில் நின்றுபோன காரை டோ செய்து பட்டறைக்குக் கொண்டுவந்தால் மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒன்று கேட்பார்: “நின்னதுக்கு அப்புறம் செல்ஃப் அடிச்சீங்களா சார்?”

ஆமாம் என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும்.

ஏன் என்று புரிய, நான்கு சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் கீழிறங்கும்போது சுமார் 300 மில்லி காற்று உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறி அதை நெருக்கும். அழுத்த விகிதம் 11-க்கு 1 என்றால், உச்சியில் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 30 மில்லி. இருமல் மருந்துக் குப்பியின் மூடியால் மூன்று மூடி. காற்று அந்த இடுக்கில் ஒடுங்கிக்கொள்ளும், தண்ணீர் ஒடுங்காது. மூன்று மூடிக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் பிஸ்டன் உச்சியைத் தொட முடியாமல் முட்டி நிற்கும். ஆனால் கீழே கிராங்க் சும்மா இருக்குமா? சுழன்ற வேகத்தில் அது தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. மெதுவாக ஓடிய இன்ஜின் என்றால் ‘டக்’கென்று நின்று தப்பிக்கலாம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடியது என்றால் ராடு வளையும். உடைந்து பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வந்ததும் உண்டு. டீசல் இன்ஜினில் அழுத்த விகிதம் 16, 17 என்று போவதால் உச்சியில் இடம் இன்னும் குறைவு. அங்கே இரண்டு மூடியே போதும்.

இதற்குத்தான் ஹைட்ரோலாக் என்று பெயர். சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறித்தான் இன்ஜின் கெடுகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. ராட்டை வளைக்கும் தண்ணீர் பெரும்பாலும் காற்று போகும் வாய் வழியாகவே வருகிறது.

கார் கம்பெனிக்காரர்கள் இதைத் தெரிந்துதான் அந்த வாயை ரேடியேட்டருக்கு மேலே, ஹெட்லைட் உயரத்தில் வைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு வளைவு, பிறகு மூடிய ஃபில்டர் பெட்டி. பல கார்களில் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை. காரை அழகுபடுத்தும் ஆர்வலர்கள் கடையில் வாங்கி மாட்டும் ‘கோல்ட் ஏர் இன்டேக்’ இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிடுகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு, நீண்ட அலுமினியக் குழாயைப் பக்கவாட்டில் இறக்கி, அதன் நுனியில் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுவார்கள். அது பம்பருக்குப் பின்னால், முன்சக்கரத்துக்கு முன்னால், தரைக்கு ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் போய் உட்காரும்.

காரணம் இல்லாமல் இல்லை. பானெட்டுக்குள் காற்று சூடு, வெளியே குளிர்ச்சி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 40 டிகிரிக் காற்றுக்குப் பதில் 30 டிகிரிக் காற்று போனால் அதே கன அளவில் சுமார் 3 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும். 80 குதிரைத்திறன் காரில் அது இரண்டு, மூன்று குதிரை. சித்திரை வெயிலில் தார் ரோட்டை ஒட்டிய காற்று எவ்வளவு ‘கோல்ட்’ என்பது வேறு கதை. உண்மையில் பலர் காசு கொடுப்பது ஆக்சிலேட்டரை மிதித்ததும் வரும் அந்த உறுமலுக்குத்தான்.

அப்படியானால் மழையில் இந்தக் காரை வெளியே எடுக்கவே கூடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 மி.மீ. என்ற கணக்கில் கொட்டும் பேய்மழையில்கூட ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் துளிகளின் எடை 4 கிராம் சொச்சம். 3,000 சுற்றில், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்த நிலையில் ஓடும் 1.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1,800 லிட்டர் காற்றை இழுக்கும். ஃபில்டரே இல்லை, எல்லாத் துளியும் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 7, 8 கிராம். அது 6,000 உறிஞ்சல்களில் பங்கு பிரியும்போது ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம்தான். தேவையான 30,000 மில்லிகிராம் எங்கே, இது எங்கே? இரண்டாம் உலகப் போரின் விமான இன்ஜின்களில் வேண்டுமென்றே தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சினார்கள், சூட்டைத் தணிக்க. 2016-இல் பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரிலும் உள்ளே போகும் காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு இருந்தது. வானத்திலிருந்து விழும் மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயம் தரையில் தேங்கியதைப் பற்றித்தான்.

இளநீர்க் கடைக்காரர் கொடுக்கும் குழல் இதை விளக்கும். குழலின் நுனி இளநீருக்குள் முழுகியிருந்தால் லேசாக இழுத்தாலே போதும். காரிலும் அதேதான். ஃபில்டர் முழுகாத வரை காற்று வரும். முழுவதும் முழுகிய நொடியில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். தண்ணீரை அரை மீட்டர் மேலே ஏற்ற வளிமண்டல அழுத்தத்தில் 20-இல் ஒரு பங்கு வித்தியாசம் போதும். இன்ஜினால் அதைவிடப் பல மடங்கு இழுக்க முடியும்.

அதே இளநீர்க் குழலில் நடுவில் கீறல் விழுந்திருந்தால்? எவ்வளவு உறிஞ்சினாலும் ‘புஸ்’ஸென்று காற்றுதான் வரும். அமெரிக்க நிறுவனமான ஏ.இ.எம். விற்கும் பைபாஸ் வால்வின் சூத்திரம் இதுதான். குழாயின் நடுவில், உயரமான இடத்தில் பொருத்தும் இந்த வளையத்தின் நுரைத் தகடுகள் வழக்கமாக மூடியே இருக்கும். கீழே ஃபில்டர் முழுகி உள்ளே வெற்றிடம் கூடும்போது அவை திறந்து, மேலிருந்து காற்றை விட்டுவிடும். டர்போ கார்களுக்கு இது ஆகாது. வால்வே முழுகும் அளவுக்கு வெள்ளம் வந்தாலும் உதவாது.

ஃபில்டருக்கு மேலே மாட்டும் உறைகளும் உண்டு. தண்ணீர் ஒட்டாத இந்தத் துணி, சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுநீரை நன்றாகவே தடுக்கும். பள்ளத்தில் முழுகினால் கைவிட்டுவிடும். குழாயை இறக்குவதற்காகக் கழற்றிய ஃபெண்டர் லைனரை, அதாவது சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை, திரும்ப மாட்டாமல் விடுகிறவர்களுக்கு இந்த உறையும் அதிக நாள் தாங்காது. எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று இருக்கிறது. சில கிட்களில் குழாய் இரண்டு துண்டாக வரும். ஐப்பசி பிறக்கும்போது கிளாம்பைத் தளர்த்திக் கீழ்த்துண்டைக் கழற்றி, ஃபில்டரை மேலேயே மாட்டிவிடலாம். மழைக்காலம் முடியும்வரை அந்த இரண்டு குதிரைகள் லாயத்தில் இருக்கட்டும்.

காப்பீட்டையும் ஒரு தடவை எடுத்துப் படிப்பது நல்லது. வழக்கமான பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். நின்ற காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தில்தான் தகராறு வரும். அதற்கென்று இன்ஜின் பாதுகாப்புக்கான துணைக்காப்பீடு தனியாக விற்கப்படுகிறது. இன்டேக்கை மாற்றியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சர்வேயர் அதையும் கேட்பார்.

தண்ணீரில் நின்ற காரைச் செல்ஃப் அடிக்காமல் கொண்டுவந்தால் பட்டறை வேலை எளிது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால் துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பார்ப்பார்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதுவும் கெட்டது, மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷன் சோதனை. மூன்று ஒரே அளவு காட்ட, ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ராடு வளைந்திருக்கலாம். பிஸ்டன் உச்சிக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழேயே திரும்பிவிடுகிறது. கார் அப்போதும் ஸ்டார்ட் ஆகும், லேசான நடுக்கத்தோடு ஓடவும் ஓடும். சில வாரங்கள் கழித்து, தூறல்கூட இல்லாத ஒரு நாளில், பைபாஸ் சாலையில் அந்த ராடு உடையலாம்.