பழைய காரும் மலைப்பாதையும்: உதிரிப்பெட்டியில் இருக்க வேண்டியவை

பழைய கார் ஒன்று நெடும்பயணம் கிளம்பும்போது அதனுடன் எடுத்துச் செல்லும் ஒவ்வோர் உதிரிபாகமும் மூன்று கேள்விகளைக் கடந்து வர வேண்டும். அந்தப் பாகம் வழியில் பழுதாகக்கூடியதா? பழுதானால் வண்டி நின்றுவிடுமா? சாலையோரத்தில், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கொண்டே அதை மாற்ற முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அது பெட்டிக்குள் போகலாம். கிராங்க் பேரிங் போனால் வண்டி நிச்சயம் நின்றுவிடும். ஆனால் அதைச் சாலையோரத்தில் மாற்ற முடியாது. ஆகவே அதைச் சுமந்து திரிவது வீண்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்று ஓடும் பழைய கார்களில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் முதன்மையானவை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வரிசை மூன்றின் வழிவந்த அம்பாசடர், 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. பத்மினி, ஃபியட் 1100-இன் இந்திய வடிவம், 1089 சிசி. இரண்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. பழுது எதுவானாலும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கண்டுபிடித்துவிடலாம். உதிரிபாகம் எடுத்துச் செல்வதற்குப் பொருள் இருப்பதே இதனால்தான்.

எதை எடுத்துச் செல்வது என்பதைப் பாதையும் தீர்மானிக்கிறது. தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை சாலை பெரும்பாலும் சமமாகவே போகிறது. வண்டி நின்றாலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு மெக்கானிக் ஷெட் தட்டுப்படும். லோயர்கேம்பைத் தாண்டியதும் குமுளி ஏற்றம் தொடங்குகிறது. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறும் சாலை இன்னும் கடுமையானது: சுமார் 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர்கிறது, கொண்டை ஊசி வளைவுகள் 17. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 வளைவுகள். இந்த ஏற்றங்களின் நடுவே கடை இல்லை. சில இடங்களில் செல்போன் சிக்னலும் இராது. சமவெளியில் ஒரு மணி நேரத் தாமதமாக முடியும் பழுது, மலையில் ஒரு நாளை விழுங்கிவிடும்.

பெட்டியை நிரப்புவதற்கு முன் ஒரு விதியை மனத்தில் கொள்ள வேண்டும். புதிய பாகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழையதை வண்டியில் விட்டுச் செல்வது தவறான முறை. புதியதைப் பயணத்துக்குச் சில வாரம் முன்பே வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை ஒழுங்காக ஓடிய பழையதைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன கார்களுக்குக் கடைகளில் கிடைக்கும் பாகங்களின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கலாம். கண்டன்சர் பெட்டியைப் பிரிக்கும்போதே கெட்டிருக்கலாம். அதைப் பதினோராவது கொண்டை ஊசி வளைவில், மழையில் கண்டுபிடித்துப் பயனில்லை. அந்த வண்டியில் ஏற்கெனவே ஓடிய பாகம், பொருந்தும் என்பதை நிரூபித்துவிட்ட பாகம்.

பழைய பெட்ரோல் கார் வழியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறுதான். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. எந்தக் கணத்தில் உயர்த்துவது என்பதைத் தீர்மானிப்பது, மெக்கானிக்குகள் ‘டெல்கோ’ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு பாயிண்ட். அது மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் பாயும். திறக்கும் கணத்தில் அந்த மின்சாரம் அறுந்து, பிளக்கில் பொறி பறக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 6,000 முறை, அதாவது நொடிக்கு 100 முறை, திறந்து மூடுகிறது. இப்படி ஓயாமல் அடிபடும் பாகம் தேய்வது இயல்பு. திறக்கும்போது பாயிண்டின் முனையில் எழும் பொறியை அடக்குவது கண்டன்சர். அது கெட்டால் முனைகள் கருகிப் பள்ளம் விழும்; வண்டி திணறும், சைலன்சரில் வெடிக்கும், பிறகு நின்றுவிடும்.

ஆகவே பெட்டியின் முதல் டப்பாவில் ஒரு பாயிண்ட் செட், இரண்டு கண்டன்சர், ஒரு ரோட்டர், ஒரு டெல்கோ மூடி ஆகியவை இருக்க வேண்டும். கூடவே ஒரு காயில், இரண்டு பிளக், இருப்பதிலேயே மிக நீளமான பிளக் வயர் ஒன்று. நீளமான வயர் எந்த சிலிண்டருக்கும் எட்டும். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் இத்தகைய மின் பாகங்களை நீண்ட காலம் தயாரித்ததால், தென்மாவட்டக் கடைகளில் இவை இன்னும் கிடைக்கின்றன.

பாயிண்ட் மாற்றுவதைத் தெரிந்துகொள்ளாமல் பாயிண்ட் எடுத்துச் செல்வதில் பயன் இல்லை. முதலில் இக்னிஷன் சாவியை அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது சாவி திறந்தே இருந்து பாயிண்டும் மூடியிருந்தால் காயில் சூடேறிக் கெடும். பிறகு மூடியைக் கழற்றி, கிராங்க் ஹேண்டிலால் இன்ஜினை மெல்லச் சுற்ற வேண்டும். பாயிண்டின் குதி, நடுத்தண்டின் மேட்டில் ஏறி நிற்கும்போது இடைவெளி மிக அதிகமாக இருக்கும். அம்பாசடரில் அந்த இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜின் தகடு லேசான உராய்வுடன் நுழைந்து வெளியேற வேண்டும். புதிய பாயிண்டின் முனையில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் மாட்டினால் பொறியே வராது. எல்லாம் சரியாகப் பொருத்தியும் வண்டி கிளம்பவில்லையே என்று பலரும் குழம்பும் இடம் இதுதான்.

பொறி வருகிறதா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. டெல்கோ மூடியின் நடு வயரைப் பிடுங்கி, உலர்ந்த துணியோ ரப்பரோ சுற்றிய கையால் அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று தாவினால் அதுவரை கோளாறு இல்லை. அடுத்து பெட்ரோலைப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு முன் எங்கும் பெட்ரோல் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

பெட்ரோல் பக்கத்தில் சிக்கல் இப்போது கூடியிருக்கிறது. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்களின் ரப்பர் ஹோஸும், ‘ஏசி பம்ப்’ எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரமும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பலாம், பிறகு வெடிக்கலாம். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். அது கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பெட்டிக்குள் ஒரு மீட்டர் ஹோஸ், கிளிப்புகள், டயாஃபிரம் கிட், உள்ளே இருப்பது தெரியும் சிறு ஃபில்டர் இரண்டு போதும்.

மலையேறும்போது இன்னொரு தொல்லை உண்டு. அதற்கு உதிரிபாகமே தேவையில்லை. கோடை மதியத்தில் இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று குறைவு, இன்ஜின் சூடோ அதிகம். பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் அந்த ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். வண்டி பழுதானதுபோல் நிற்கும். ஈரத்துணியைப் பம்பின் மீது போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் தானே கிளம்பும். இதை அறியாதவர்கள் நல்ல பம்பைக் கழற்றிப் பிரித்து, உண்மையான பழுதை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

குளிரூட்டும் அமைப்பில் முதலில் கவனிக்க வேண்டியது ஃபேன் பெல்ட். ஒரே பெல்ட் விசிறியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. அது அறுந்தால் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும். பேட்டரி சமாளிக்கும் என்று தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். ஆகவே உடனே நிறுத்த வேண்டும். பெல்ட்டுக்கு இப்பகுதி வண்டிக்காரர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. வி-பெல்ட் தயாரிப்பில் பெயர்பெற்ற ஃபென்னர் நிறுவனத்தின் ஆலை மதுரைக் கோச்சடையிலேயே இருக்கிறது.

தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் குறைகிறது. 1,500 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இதை ஈடுகட்டுவது ரேடியேட்டர் மூடி. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வாஷர் விரிசல் விட்டால் இந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். விலை குறைந்த, கைக்கு அடக்கமான இந்த மூடியைப் பலரும் மறப்பது வருத்தத்துக்குரியது. இதனுடன் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், தெர்மோஸ்டாட் பேக்கிங், பத்து லிட்டர் தண்ணீர் ஆகியவையும் வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறக்கவே கூடாது. தணிந்த பிறகு, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

பிரேக் விஷயத்தில் கணக்கு வேறு. பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும். போடிமெட்டு இறக்கத்தில் ஹோஸ் வெடித்த பிறகு டிக்கியில் புதிய ஹோஸ் இருந்து என்ன பயன்? ஹோஸ்கள், வீல் சிலிண்டர் பக்கெட்டுகள், பிரேக் ஆயில் மூன்றையும் கிளம்பும் முன்பே மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரியாகிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து, பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். பெட்டியில் மூடி பிரிக்காத பிரேக் ஆயில் ஒரு டப்பா இருந்தால் போதும். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலைப் பிரேக்கில் ஊற்றக் கூடாது. ரப்பர் முழுதும் உப்பிவிடும்.

பள்ளத்தாக்கின் பழைய வாகனங்களைப் பற்றிப் பேசும்போது ஜீப்பை விட முடியாது. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் மகிந்திரா டீசல் ஜீப்புகள். டீசலில் பாயிண்ட், பிளக் தொல்லை இல்லை. ஆனால் குழாயில் காற்று புகுந்தால் வண்டி நிற்கும். நட்டைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டும். டீசல் ஃபில்டர், செம்பு வாஷர்கள், யூ.ஜே. கிராஸ், ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஆகியவை இந்த வண்டிகளுக்கு முதன்மையானவை. கரடுமுரடான தோட்டப் பாதை இன்ஜினைவிட அடிப்பாகத்தையே அதிகம் உடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெட்லைட், பிரேக் லைட் பல்புகள். மலையில் பனிமூட்டம் இறங்கினால் இவை உயிர்காக்கும். இரண்டு மூன்று ஃபியூஸ், சில மீட்டர் வயர், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, எம்-சீல். காற்றுச் சரிபார்த்த ஸ்டெப்னி, ட்யூப் ஒன்று. இன்ஜின் ஆயில் ஒரு லிட்டர்.

கருவிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. அம்பாசடரின் நட்டுகள் அங்குல அளவு, பத்மினியின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அதில் நுழையும். இறுகிய நட்டைத் திருப்பும்போது வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். வண்டியின் ஒவ்வொரு நட்டுக்கும் சரியான ஸ்பேனர் இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அடுக்குவதிலும் முறை உண்டு. மின் பாகங்கள் மூடி இறுகிய தகர டப்பாவில். பேக்கிங்குகள் மடங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே. பெல்ட்டும் ஹோஸும் பெட்ரோல், எண்ணெய் படாத பையில், நெருக்கி மடிக்காமல் இருக்க வேண்டும். கனமான ஜாக்கியும் கருவிப்பையும் டிக்கியின் பின்கோடியில் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். அவற்றைப் பின் இருக்கையை ஒட்டித் தாழ்வாக வைப்பதே சரி. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் இரண்டு மரக்கட்டைகளும் டார்ச்சும் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். சரிவில் வண்டி நின்றால் முதலில் கட்டை போட்ட பிறகுதான் பானெட்டைத் திறக்க வேண்டும். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்ற பட்டியலைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, வழியில் பயன்படுத்தியதை அதிலேயே குறித்துக்கொண்டால், திரும்பியதும் தேனியிலோ மதுரையிலோ வாங்கி நிரப்ப வேண்டியவை தெரிந்துவிடும்.