நூற்றுப் பதினொன்றில் ஒன்று

அக்கா மகளுக்கு நியூஜெர்சியில் ஆண் குழந்தை பிறந்த மறுநாள். இங்கே இரவு பத்து மணி, அங்கே மதியம். வாட்ஸ்அப்பில் அழைத்தாள். "மாமா, நர்ஸ் ஒரு ஃபார்ம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பையனுக்கு சர்கம்சிஷன் பண்ணணுமா வேணாமானு டிக் பண்ணணுமாம். நாளைக்கு டிஸ்சார்ஜ், அதுக்குள்ள சொல்லணும்." பின்னாலிருந்து, பேறுகாலம் பார்க்கப் போயிருந்த அக்காவின் குரல்: "நமக்கு எதுக்குடி அதெல்லாம்?" மாப்பிள்ளைக்கு வேறு கவலை. "இங்க பாதிப் பேருக்கு மேல பண்ணிக்கிறாங்க மாமா. நாளைக்கு ஸ்கூல்ல இவன் மட்டும் வித்தியாசமா தெரிவானோனு பாக்கறேன்."

வீட்டில் ஒருவன் அறிவியல் கட்டுரை எழுதுகிறான் என்றால், எரிகல்லிலிருந்து ஏப்பம் வரை எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கேட்பார்கள். காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

இஸ்லாமியர் வீடுகளில் சுன்னத், பைபிள் தமிழில் விருத்தசேதனம், மருத்துவர் வாயில் முன்தோல் நீக்கம். மூன்றும் ஒன்றுதான். ஆனால் நியூஜெர்சிக் காகிதத்தில் கேட்டிருந்தது சமயத்தைப் பற்றி அல்ல. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு, உடல் நலத்துக்காக, இது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தத் தோலைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த குழந்தைக்கு முன்தோலும் உள்ளிருக்கும் மொட்டும் உண்மையிலேயே நகமும் சதையும் மாதிரி. கருவில் இரண்டும் ஒட்டியே வளர்கின்றன. பிறந்த பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பிரிகின்றன. உதிரும் செல்கள் உள்ளே வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசி மணி போலத் திரளும். அதைச் சீழ் என்று பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர் உண்டு. சிறுநீர் போகும்போது நுனி பலூன் மாதிரி உப்புவதும், வலியில்லாமல் தாரை ஒழுங்காகப் போகும்வரை, பெரும்பாலும் இந்தப் பிரிதலின் ஒரு கட்டம்தான்.

இதைக் கணக்கெடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜ் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர். 1949-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அவருடைய கட்டுரை, பிறந்த குழந்தைகளில் 4 சதவீதத்தினருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னால் போகும் என்றது. மூன்று வயதுக்குள் 90 சதவீதம் பேருக்குச் சரியாகிவிடும் என்றும் அவர் எழுதினார். அது கொஞ்சம் அவசரக் கணக்கு. 1968-ல் டென்மார்க்கின் யாகோப் அய்ஸ்டர் பள்ளிப் பையன்களை வருடக்கணக்கில் பார்த்து எழுதியது இன்னும் பொறுமையானது: 6, 7 வயதில் 63 சதவீதம் பேருக்கு எங்காவது ஒட்டு இருந்தது; 16, 17 வயதில் வெறும் 3 சதவீதம். கத்தியும் இல்லை, களிம்பும் இல்லை. வயசு போகப் போகத் தானாக விட்டது.

கெய்ர்ட்னர் இன்னொன்றையும் சொன்னார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்போது இந்த அறுவைச் சிகிச்சையால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குப் பதினாறு பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துக் கோளாறால். அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசின் தேசிய மருத்துவச் சேவை அங்கே தொடங்கியிருந்தது. மருத்துவக் காரணம் இல்லாத முன்தோல் நீக்கத்துக்கு அது காசு தரவில்லை. வசதியான வீடுகளில் வழக்கமாகவே ஆகிப்போயிருந்த பழக்கம் ஒரே தலைமுறையில் வற்றிவிட்டது.

அமெரிக்காவில் வற்றவில்லை. அங்கே அது தொடங்கிய விதமே வேடிக்கை. 1870-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் லூயிஸ் சேயரிடம், கால் விளங்காத ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முன்தோல் இறுக்கம்தான் நரம்புகளைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி அதை வெட்டினார். பையன் தேறினான் என்று எழுதினார். அவ்வளவுதான், அதன்பின் வலிப்பு, இடுப்பு நோய் என்று எதற்கெடுத்தாலும் அதே வைத்தியம். கார்ன் ஃப்ளேக்ஸ் டப்பாவில் பெயர் இருக்கிறதே, அந்தக் கெல்லாக் குடும்பத்து டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், சுயஇன்பப் பழக்கத்தை விரட்ட இதை, அதுவும் மரத்துப்போக மருந்து தராமல், செய்யச் சொன்னார். பிள்ளைப்பேறு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறியபோது இதுவும் கூடவே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. தொடங்கி வைத்த காரணங்கள் ஒவ்வொன்றாய்ப் பொய்த்துப் போயின. பழக்கம் மட்டும் புதுப்புதுக் காரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தென்கொரியாவில் இது இன்னும் பட்டவர்த்தனம். கொரியப் போருக்கு முன்பு அந்த நாட்டில் கிட்டத்தட்ட யாருக்கும் இந்த வழக்கம் இல்லை. அமெரிக்கப் படையோடு வந்த மருத்துவம் அதைப் பரப்பியது. பன்னிரண்டு வயதுப் பையனைக் குளிர்கால விடுமுறையில் டாக்டரிடம் கூட்டிப்போவது ஒரு சடங்கு மாதிரியே ஆனது. இந்த நூற்றாண்டில் எதிர்த்தரப்புத் தகவல்கள் பரவியதும் இறங்கத் தொடங்கிவிட்டது. நம் மாப்பிள்ளையின் 'பாதிப் பேருக்கு மேல' கூட இடத்துக்கு இடம் மாறுவதுதான். அமெரிக்க அரசின் 2010-ம் ஆண்டுக் கணக்கில், ஆஸ்பத்திரியில் பிறந்த ஆண் குழந்தைகளில் 58 சதவீதம் பேருக்கு, வீடு திரும்புமுன் இது நடந்திருந்தது. நடுமேற்கு மாநிலங்களில் 71, மேற்கு மாநிலங்களில் 40. நாடு ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று. அவசியமான சிகிச்சை என்றால் விமான டிக்கெட்டைப் பொறுத்தா மாறும்?

அதற்காக நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது; அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தை விஷயத்தில் பெரிதாகச் சொல்லப்படுவது சிறுநீர்த் தொற்று. முன்தோல் எடுத்த குழந்தைகளுக்கு அது கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைகிறது. 90 என்றதும் மனசு துள்ளும். ஆனால் எதில் 90? சாதாரண ஆண் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பே நூற்றில் ஒன்றுதான். பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு, ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்கு முன்தோல் நீக்க வேண்டும் என்றது. ஆயிரம் பேருக்குச் செய்தால் ஒன்பது தொற்று மிச்சம். ரத்தக்கசிவு, சீழ், துவாரம் சுருங்குதல் போன்ற சிக்கல் நூற்றுக்கு இரண்டு என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் அதே ஆயிரத்தில் இருபது பேருக்குச் சிக்கல். தேர்ந்த கைகளில் சிக்கல் அரை சதவீதத்துக்கும் குறைவு என்ற பிந்தைய அமெரிக்கக் கணக்கை எடுத்தாலும், தராசு ஒரு பக்கம் டமாரென்று சாய்ந்துவிடுவதில்லை. தொற்று வந்தால் ஆன்டிபயாடிக் இருக்கிறது.

அதே கணக்கு இன்னொரு குழந்தைக்குத் தலைகீழாகும். திரும்பத் திரும்பத் தொற்று வரும் பையனுக்கு 111 என்பது 11 ஆகிறது. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்குச் சிறுநீர் மோசமாகத் திரும்பி ஏறும் கோளாறு உள்ளவனுக்கு வெறும் 4. அந்த வீட்டில் நான் இருந்தால் கையெழுத்துப் போட யோசிக்க மாட்டேன்.

அடுத்தது எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்றிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், முன்தோல் நீக்கிய ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றுவது பாதிக்கு மேல் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. கெட்டியான அறிவியல் இது, குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், தாங்களே சம்மதித்தவர்கள், எச்.ஐ.வி. பரவலாக இருந்த ஊர்க்காரர்கள். நியூஜெர்சித் தொட்டிலில் கிடப்பவனுக்கு அந்தக் கவலை வரப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் அவனே கூகுள் பண்ணிக்கொள்வான். ஆணுறுப்புப் புற்றுநோய் குறையும் என்றும் சொல்வார்கள்; அந்த நோயோ மிக அரிது. அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஒருவர்கூட இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் சிரிப்பு வரும். 1971-ல், பிறந்த குழந்தைக்கு இதைச் செய்ய மருத்துவக் காரணமே இல்லை என்றது. 1999-ல், நன்மை இருக்கிறது, பரிந்துரைக்குமளவுக்கு இல்லை என்றது. 2012-ல், நன்மை ஆபத்தைவிட அதிகம்தான், ஆனாலும் எல்லோருக்கும் செய்யச் சொல்லுமளவுக்கு இல்லை, பெற்றோரே முடிவு செய்யட்டும் என்றது. மூன்று வருடம் கழித்துப் பக்கத்து நாட்டுக் கனடியக் கழகம், எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகவே எழுதிவிட்டது.

இந்த எண்களை எல்லாம் தாண்டி என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது அந்தப் பலகை. குழந்தையின் உருவத்துக்குக் குழிவாக வார்த்த வெள்ளை பிளாஸ்டிக் பலகை. கைகாலை அதில் வைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டுவார்கள். முதல் வேலை, இயற்கை ஒட்டி வைத்திருப்பதை மழுங்கிய கம்பியால் உள்ளே சுற்றிப் பிரிப்பது. பிறகு மொட்டுக்குக் கவசமாக ஒரு சிறு உலோக மணி, அதன்மேல் தோல், அதைச் சுற்றி 1930-களிலிருந்து புழங்கும் காம்கோ கிளாம்ப். ரத்தம் நிற்கும்வரை சில நிமிடம் நசுக்கிப் பிடித்து, பிறகு வெட்டு. நெடுங்காலம் இதை மரத்துப்போக ஊசிகூட இல்லாமல்தான் செய்தார்கள். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்பது அந்தக் கால நம்பிக்கை. அது பொய் என்று 1980-களில் நிறுவியவர்களில் முதன்மையானவர் இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த். 1997-ல் டொரன்டோவில் அன்னா டாடியோ குழுவினர் தடுப்பூசி போட வந்த 87 ஆண் குழந்தைகளைக் கவனித்தார்கள். சில மாதங்களுக்கு முன் முன்தோல் எடுக்கப்பட்டவை ஊசிக்குக் கூடுதலாக அழுதன. மரக்கும் களிம்பு தடவிச் செய்யப்பட்டவை அவ்வளவு அழவில்லை. ஆக, செய்வதென்று முடிவானால் மரக்கும் ஊசி கட்டாயம். "சின்னக் குழந்தைதானே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

சமயக் கடமையாகச் செய்கிறவர்களிடம் இது அவசியமா என்று கேட்பதில் பொருளில்லை. அவர்களுக்கு அறிவியல் சொல்லக்கூடியது எப்படி, எப்போது என்பதை மட்டும். யூதர்கள் எட்டாம் நாள். நம்மூர் இஸ்லாமியர் வீடுகளில் மாலை போட்டு விருந்து வைத்த சுன்னத் கல்யாணங்கள் இப்போது பெரும்பாலும் மருத்துவமனைக்கு நகர்ந்துவிட்டன. ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் 2012-ல், சமயக் காரணத்துக்காகக் குழந்தைக்கு இதைச் செய்வதே உடல்காயக் குற்றம் என்றது. கூச்சல் எழுந்து, அதே ஆண்டு முடிவதற்குள் பாராளுமன்றம் அனுமதித்துச் சட்டம் போட்டது. எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய சட்டம். ஒரு தாயின் இரண்டு மகன்கள் இதனால் ரத்தம் போய் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்ய வேண்டாம் என்கிறது யூதர்களின் தல்மூத். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்குப் பெயர் வைக்கப் பல நூற்றாண்டு முன்பே அது தாய்வழி வருவதைக் கவனித்திருக்கிறார்கள். இன்றும் கத்தி எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் திறந்திருக்கும் குழந்தைக்கும் தோலைத் தொடக்கூடாது. பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோலே தேவைப்படும்.

நம்மூரில் கேள்வி வேறு மாதிரி வரும். இரண்டு, மூன்று வயதுப் பையனைக் காட்டப் போன இடத்தில் "தோல் பின்னால போகல, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பார்கள். நுனி மெத்தென்று இருந்து, சிறுநீர் சிரமமில்லாமல் போனால், அது பெரும்பாலும் அய்ஸ்டர் கண்ட அதே ஒட்டுதான். உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு களிம்பு: மருத்துவர் சொல்படி சில வாரம் தடவினால் பெரும்பாலான பையன்களுக்கு இளகிவிடும். நுனி வெள்ளைத் தழும்பாகத் தடித்து, வளையம் போல இறுகினால் அது நிஜ நோய். அதற்கு அறுவைதான் வைத்தியம்; ஐந்து வயதுக்குள் அது அபூர்வம்.

காலையில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை. "அப்ப வேணாம்னு போட்டுரு" என்றேன். போட்டாள்.

ஒரு மாதம் கழித்து வீடியோவில் குளியல் காட்டினார்கள். அந்த ஊர்ப் பாத்ரூமில் தரையில் தண்ணீர் ஓட வழியில்லை; அக்கா பாத்டப்புக்குள் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை, மார்பு, தொடை. பிறகு விரலில் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டு நுனித்தோலைப் பின்னால் தள்ளப் போனாள்.

"அக்கா, அதைத் தொடாத!"

"உள்ள அழுக்கு சேரும்டா. அம்மா உனக்கும் இப்படித்தான் பண்ணினா."

இழுத்தால் உள்ளே பிளந்து புண்ணாகும், ஆறும்போது தழும்பாகி நிஜமாகவே இறுகும், பின்னால் போன தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு வீங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிவரும் என்றேன். மேலாகத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

"அப்ப உள்ள யாருதான் கழுவறது?"

"அவனேதான். தோல் தானா விட்டதும், ஒரு பத்து வயசுல கழுவிக்குவான்."

"பத்து வயசுலயா!" என்று என்னை முறைத்துவிட்டு, சொம்பில் மொண்டு மேலாக ஊற்றினாள். அவன் வீறிட்டு அழுதான், தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது.