பாசியால் ஆகும் பயன்

குளத்தில் பாசி படர்ந்தால் படி வழுக்கும், நீர் கெடும் என்று அதை வழித்தெறிவதே நம் வழக்கம். அப்பாசியைக் கொண்டே சாக்கடை நீரைத் தூய்மை செய்யலாம், வண்டி ஓட்ட எரிபொருளும் பெறலாம் என்றால் அங்கத்தினர் பலர் ஐயுறக்கூடும். அவ்வையத்தில் ஒரு பாதி நியாயமானதே.

கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்வால்ட் என்னும் அறிஞர் 1950-களில் இதனை முறையாக ஆராய்ந்தார். சாக்கடையின் அழுக்கைத் தின்று செரிப்பவை பாக்டீரியாக்கள். அவற்றிற்குப் பிராணவாயு வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் மின்விசையால் காற்றை நீருக்குள் செலுத்துகின்றனர். மின்செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. ஆஸ்வால்டின் குளத்திலோ வெயிலில் வளரும் பாசியே பிராணவாயுவை அளிக்கிறது. பாக்டீரியா அதைப் பெற்றுக்கொண்டு கரியமிலவாயுவைத் திருப்பித் தருகிறது. பாசிக்கு அதுவே உணவு. கூட்டுறவிற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ! கழிவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியின் உடலிற் சேர்ந்துவிடுகின்றன. குளம் என்பது உண்மையில் ஏறத்தாழ ஓரடி ஆழமுள்ள நீள்வட்ட வாய்க்கால்தான். ஆழம் மிகுந்தால் அடிநீருக்கு வெயில் எட்டாது. துடுப்புகள் பொருத்திய சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று நீரை ஓட்டும்.

பாசியிலிருந்து நேரே எண்ணெய் எடுக்க முயன்றவர்களும் உண்டு. 1978 முதல் 1996 வரை அமெரிக்க எரிசக்தித் துறை ஏறத்தாழ 2.5 கோடி டாலர் செலவிட்டது. எண்ணெய் கிடைத்தது, விலை கட்டுப்படியாகவில்லை. இத்தகைய குளத்து நீர் ஒரு லிட்டரில் உலர்ந்த பாசி ஒரு கிராம்கூடத் தேறாது. அதைப் பிரித்து உலர்த்துவதற்குள் எண்ணெயின் மதிப்பு கரைந்துபோகும். தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியில் எண்ணெய் மிகும். ஆனால் வளர்ச்சி குன்றும். 2009-இல் இத்துறையில் இறங்கிய எக்ஸான்மொபில் நிறுவனமும் 2023-இல் விலகிக்கொண்டது.

தூய்மையை முதல் நோக்கமாகக் கொண்டவர் கணக்கு வேறு. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலுள்ள சிக்லானா என்னும் ஊரில், 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய திட்டத்தில், ஊர்க் கழிவுநீரிலேயே பாசி வளர்த்தனர். அதை உலர்த்தாமல் ஈரத்தோடே, சாண எரிவாயுக் கலனைப் போன்ற மூடிய தொட்டியில் புளிக்க வைத்தனர். அதில் உண்டான மீத்தேனைச் சுத்தம் செய்து மோட்டார் கார்களை ஓட்டினர். ஆஸ்வால்ட் தம் சக ஆய்வாளருடன் 1960-இலேயே எடுத்துக்காட்டிய வழி இது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஊரார் எப்படியும் செலவழித்தே ஆகவேண்டும். வாயு அதன்மேல் வரும் வரவு. நிலம் மட்டும் மிகுதியாக வேண்டும். நெருக்கமான நகரங்களுக்கு இது ஒவ்வாது.

சாயத் தொழில் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடர்ந்த சாயநீரில் வெயில் ஊடுருவாமையால் பாசி வாடும். நீர்த்த நிலையில் சில சாயங்களையும் உலோகங்களையும் அது ஈர்த்துக்கொள்ளும். ஆனால் நூலில் சாயம் ஏறுவதற்காக நாம் கொட்டும் உப்பு அப்படியே நிற்கும். அது வயலுக்குச் சென்றால் என்ன ஆகும் என்பதை நொய்யல் பாசனக்காரர் அறிவர். உப்பை நீக்க வேறு இயந்திரமே வேண்டும். பாசிக் குளம் வெட்டித் தருவதாக வருவோரிடம் உப்பிற்கு என்ன வழி என்று முதலில் கேளுங்கள்.

உழவர்கள் கவனத்திற்கும் ஒன்று. புளித்தபின் எஞ்சும் பாசிச் சக்கை நல்ல எருவாகும். எனினும் நோய்க்கிருமியும் உலோகமும் இல்லையெனப் பரிசோதித்த பின்னரே வயலில் இடவேண்டும். சாயநீரில் வளர்ந்த பாசியை ஆடுமாடுகளுக்கோ மீனுக்கோ தீவனமாக இடலாகாது.