படுக்கையருகே ஒரு சீட்டுக்கட்டு

மருத்துவமனையில் தங்கியிருக்கும் குழந்தைக்கு நோயைப் போலவே பொழுதும் ஒரு பாரம். இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை, சொட்டு மருந்து இறங்கி முடியும்வரை, பார்வையாளர் நேரம் தொடங்கும்வரை அது காத்திருக்கிறது. நடவு வேலையைப் பாதியில் விட்டு, ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பேருந்தேறி வந்த தாயும் பாட்டியும் உடன் காத்திருக்கிறார்கள். அந்நேரத்தைக் கடத்தப் பெரும்பாலும் கைப்பேசியே கைகொடுக்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரையின் முன் அமர்ந்திருக்கலாகாது, அதனினும் குறைந்தால் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுக் குழந்தையின் கையில் எதைத் தருவது? ஒரு சீட்டுக்கட்டைத் தந்து பாருங்கள் என்கிறோம்.

சூதும் ஆட்டமும் வேறு

"சீட்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. பணம் வைத்தாடி நிலம் இழந்தோர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. அதற்கு அடுத்த 95-ஆம் அதிகாரம் மருந்து. வள்ளுவர் கடிந்தது பொருளைப் பணயம் வைத்து இழக்கும் சூதினையே. ஆகவே எங்கள் முதல் விதி இது: காசும் மிட்டாயும் உட்பட எதையும் பணயமாக வைக்கக்கூடாது. பணயம் இல்லையெனில் சீட்டு என்பது எண்களும் படங்களும் அச்சிட்ட அட்டை மட்டுமே.

குழந்தைக்கு ஏன் விளையாட்டு?

எப்போது ஊசி போடுவது, எதை உண்பது, எப்போது உறங்குவது என எல்லாவற்றையும் இங்கே பிறரே முடிவு செய்கிறார்கள். ஆட்டத்தில் மட்டும் தன் முறை வரும்போது எந்தச் சீட்டை எடுப்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது. இந்தச் சிறு உரிமை அதற்குப் பெரிது. மருத்துவமனையில் உள்ள குழந்தைக்குப் பெற்றோரின் அருகாமையும் விளையாட்டும் வேண்டும் என்று பிரிட்டனில் 1959-இல் வெளியான பிளாட் அறிக்கை வலியுறுத்தியது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாகவே கூறுகிறது. இந்தியா 1992-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

எளியதிலிருந்து தொடங்குவோம்

மூன்று, நான்கு வயதில்: சிவப்புச் சீட்டுகளை ஒருபுறமும் கறுப்புச் சீட்டுகளை மறுபுறமும் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆட்டின், டைமண்ட், கிளாவர், ஸ்பேடு என நான்காகப் பிரிக்கலாம். வெற்றி தோல்வி இல்லாத இந்த ஆட்டம் களைத்த குழந்தைக்கும் ஏற்றது.

நான்கு, ஐந்து வயதில்: ஜோடி தேடுதல். இதற்குக் கடைச் சீட்டும் தேவையில்லை. கெட்டி அட்டையை ஒரே அளவில் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, குத்தாதபடி முனைகளை வளைத்துவிடுங்கள். நெற்கதிர், வாழைத்தார், வெற்றிலை, வீணை, நந்தி, தலையாட்டி பொம்மை ஆகிய ஆறு படங்களையும் இருமுறை வரையுங்கள். கவிழ்த்துப் பரப்பிய அட்டைகளில் இரண்டைத் திருப்ப வேண்டும். ஒரே படமானால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையெனில் மீண்டும் கவிழ்க்க வேண்டும். முதல் நாள் மூன்று ஜோடிகளே போதும்.

ஐந்து, ஆறு வயதில்: பெரிய எண். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றை நீக்கி, ஏஸை ஒன்றாகக் கொண்டால் ஒன்று முதல் பத்து வரை நாற்பது சீட்டுகள் கிடைக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் திறக்க, பெரிய எண் உடையவர் இரண்டையும் எடுப்பார். சமமானால் மேலும் ஒன்று திறக்கலாம். பத்துச் சுற்றோடு நிறுத்தி எண்ணிப் பாருங்கள்.

ஏழு வயதிற்கு மேல்: நம் ஊர்களில் பலரும் ஆடிய 'கழுதை'. சீட்டு முழுவதையும் பகிர்ந்தபின், ஒருவர் இடும் இனத்தையே மற்றவரும் இட வேண்டும். பெரிய சீட்டு இட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறொன்றை இட்டு வெட்டலாம். அப்போது, முதலில் இட்ட இனத்தில் பெரிய சீட்டு இட்டவர் அனைத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை கையில் சீட்டு உள்ளவர் கழுதை. நோயுற்ற குழந்தையை அப்பெயரால் அழைக்காமல் 'காவலர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வயதுகள் ஒரு மதிப்பீடே. உடல்நலம் குன்றிய குழந்தை தன்னிலும் இளையோரின் ஆட்டத்தை நாடினால் அதனையே ஆடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஆடுவதற்கு முன்பும் பின்பும் எல்லோரும் கைகளைக் கழுவுங்கள். காகித அட்டைகளை அடுத்த படுக்கைக்குக் கொடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் சீட்டாயின், அதனைத் துடைக்கும் முறையைச் செவிலியரிடம் கேளுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும் தனி அறையில் உள்ள குழந்தைக்கும் எப்பொருளைக் கொடுப்பதாயினும் முதலில் அவரிடம் கேட்பது கட்டாயம்.

சொட்டு மருந்து ஏறும் கையால் சீட்டைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். குழந்தை எதை என்று காட்டட்டும். நீங்கள் எடுத்து வையுங்கள். பல்லாங்குழியும் தாயமும் நல்ல ஆட்டங்களே. ஆயினும் சோழியையும் புளியங்கொட்டையையும் வாயிலிட்டு விழுங்கும் வயதினர் அருகில் இருந்தால் அவற்றை வெளியே எடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

பத்து, பதினைந்து நிமிடங்கள் போதும். கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, வலி என்றாலோ அத்துடன் நிறுத்துங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் உணவின்றி இருக்கும் நேரத்தில் பசியிலிருந்து கவனத்தைத் திருப்ப ஆட்டம் உதவக்கூடும். தோற்றால் அழும் குழந்தையோடு எதிராக ஆடாமல், இருவரும் சேர்ந்து ஜோடிகள் அனைத்தையும் கண்டுபிடியுங்கள்.

வீட்டில் விட்டுவந்த அண்ணனோ தங்கையோ பார்க்க வரும் நாளில், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நோயுற்ற குழந்தையிடமே ஒப்படையுங்கள். எல்லோரும் பரிவோடு பார்க்கும் பிள்ளை அன்று கொஞ்ச நேரம் ஆசிரியராக இருக்கட்டும். வீடு திரும்பும்போது அந்த அட்டைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.