இடம்பெயர்ந்தார்களா, வெளியேற்றப்பட்டார்களா?

முஹர்ரம் பிறந்தால் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஹிஜ்ரத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறோம். ‘நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்காவிலிருந்து மதீனாவுக்கு இடம்பெயர்ந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ‘இடம்பெயர்ந்தார்கள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘பெயர்’ என்பது பழந்தமிழ் வினை. இருந்த இடத்தை விட்டு நகர்வது என்பது பொருள். நம் வீட்டுப் பேச்சில் இன்றும் இருக்கிறது. மழையில் காரை பெயர்ந்தது என்கிறோம். கொத்தனார் கடப்பாரையால் தரையைப் பெயர்த்தார் என்கிறோம். முதலாவது தானாக நடந்தது. இரண்டாவதைச் செய்ய ஓர் ஆள் உண்டு. இலக்கணத்தில் இவற்றைத் தன்வினை, பிறவினை என்பார்கள். பட்டினப்பாலையில் ‘புலம்பெயர்’ என்ற சொல் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த வேற்று நாட்டாரை அது குறிக்கிறது. தாமாக வந்தவர்களுக்குத் தன்வினை சரியாகவே பொருந்தும்.

விரட்டப்பட்டவர்களுக்கும் அதே சொல்லைப் போடும்போதுதான் சிக்கல்.

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாம் அங்கேயே நின்றன. ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர். அவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசியவர்கள்தான். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘அகதி’. கதியற்றவர் என்று பொருள்படும் வடசொல் அது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அது அரசியல் தவறு என்று அன்டன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். செய்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் ஆவணங்களில் அவர்கள் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’தான், காரை பெயர்ந்ததைப் போல. 2009இல் போர் முடிந்ததும் அந்தச் சொல்லுக்கு முன் ‘பழைய’ என்ற அடைமொழி சேர்ந்தது. மீள்குடியேற்றத்தில் ‘புதிய’ இடம்பெயர்ந்தோருக்கே முன்னுரிமை கிடைத்தது. இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் வரிசையின் பின்னால் போனார்கள்.

இப்போது ஹிஜ்ரத்துக்கு வருவோம். அரபியில் ‘ஹஜர’ என்றால் விட்டு விலகினான். ஹிஜ்ரத், முஹாஜிர் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. விட்டுச் செல்வது செல்பவரின் முடிவு. ஈமானுக்காக எடுத்த முடிவு என்பதால்தான் அதற்கு அத்தனை சிறப்பு. ஆனால் அல்குர்ஆன் 59:8 ஏழை முஹாஜிர்களைப் பற்றிப் பேசும்போது அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கூடவே ‘உக்ரிஜூ’ என்கிறது. ‘கரஜ’ என்றால் வெளியேறினான், ‘அக்ரஜ’ என்றால் வெளியேற்றினான், ‘உக்ரிஜ’ என்றால் வெளியேற்றப்பட்டான். நம் வெளியேறு, வெளியேற்று மாதிரியேதான். வீடுகளிலிருந்தும் சொத்துகளிலிருந்தும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பது அங்கே தெளிவாகப் பதிவாகிறது. மக்கத்துக் குறைஷிகள் செய்த அநியாயம், முஹாஜிர்களின் தியாகத்துக்குப் பின்னால் மறைந்துபோகவில்லை. மதரஸாவில் இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசியாக, ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் உதவிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ‘வீடு மாறினோம்’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள். நீங்களாக மாறியிருந்தால் அது போதும். காலி செய்ய வைத்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள்: யார் சொன்னது, எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள், அட்வான்ஸ் திரும்பி வந்ததா, சாமான்கள் இப்போது எங்கே இருக்கின்றன. எழுதக் கூச்சமாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.